கிரீன் பார்க் கூரையில் இருப்பது யாருடைய விமானம்?

வந்த கேள்வி இது: "லண்டன் கிரீன் பார்க் ஓரத்தில், விமானப்படை உடையில் ஏழு பேர் நிற்கும் பெரிய வெண்கலச் சிலையைப் பார்த்தேன். காலடியில் பூக்களும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களும் இருந்தன. இரண்டாம் உலகப்போரில் இரவில் குண்டு வீசப் போய்த் திரும்பாதவர்களுக்கான நினைவிடம் என்றார்கள். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு விமானக் குழுவை எப்படி, எதற்காக நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஹாம்பர்க்கையும் டிரெஸ்டனையும் எரித்தவர்கள்தானே இவர்கள்?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டுக்கும் பதில் சொல்ல, சிலைகளைக் கொஞ்சம் விட்டுவிட்டு மேலே இருக்கும் கூரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நினைவிடத்துக்குப் போகும் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. சிலைகளுக்கு நேர் மேலே கூரை திறந்திருக்கும். வெளிச்சம் அவர்கள் மேல் விழட்டும் என்று அப்படி விட்டிருக்கிறார்கள். அந்தத் திறப்பைச் சுற்றி, உட்புறம் முழுக்கக் குறுக்குப் பின்னலாக உலோகச் சட்டங்கள் ஓடும். போரின் தொடக்க வருஷங்களில் பறந்த வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தின் உடற்கூடு அப்படிப் பின்னப்பட்டிருந்ததால், அதே வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கூரைக்குப் பயன்பட்ட அலுமினியம் கடையில் வாங்கியது அல்ல. சுட்டு வீழ்த்தப்பட்டு, 53 வருஷம் பெல்ஜியச் சேற்றில் கிடந்த ஒரு விமானத்திலிருந்து எடுத்தது.

அந்த விமானத்தின் எண் எல்டபிள்யூ 682. ஹாலிஃபாக்ஸ் ரகம், நான்கு எஞ்சின். கனடா விமானப்படையின் 426-வது ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் யார்க் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் லின்டன்-ஆன்-ஊஸ் தளத்திலிருந்து 1944 மே 12 இரவு கிளம்பியது. போக வேண்டிய இடம் பெல்ஜியத்தின் லூவன் நகரத்து ரயில்வே யார்டு. நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்க இன்னும் நான்கு வாரம்கூட இல்லை. ஜெர்மானியர்கள் கடற்கரைக்கு ஆளையும் டாங்கியையும் ரயிலில் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதற்காக, பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் இருந்த ரயில் சந்திப்புகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார்கள். லூவன் அந்தப் பட்டியலில் ஒன்று. ஹாலிஃபாக்ஸில் போனவர்கள் எட்டுப் பேர். ஒருவரும் திரும்பவில்லை.

சிலையில் ஏழு பேர், இதில் எட்டுப் பேரா என்று கேட்கலாம். வழக்கமான குழு ஏழு பேர்தான்: விமானி, ஃப்ளைட் என்ஜினியர், வழி கணிக்கும் நேவிகேட்டர், குண்டு எறிபவர், வயர்லெஸ் ஆபரேட்டர், முதுகுப்பக்க கன்னர் (துப்பாக்கி சுடுபவர்), வால் கன்னர். ஆனால் 1943 பிற்பகுதியிலிருந்து ஜெர்மன் இரவுப் போர்விமானங்கள் ஒரு புது உத்தியைப் பயன்படுத்த ஆரம்பித்தன. பீரங்கியை மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திக்கொண்டு, குண்டுவீச்சு விமானத்தின் அடிவயிற்றுக்குக் கீழே சத்தமில்லாமல் வந்து, இறக்கையில் இருக்கும் பெட்ரோல் டாங்கைப் பார்த்துச் சுடுவார்கள். மேலேயும் பின்னாலேயும் இருக்கும் கன்னர்களுக்குக் கீழே என்ன வருகிறது என்று தெரியாது. எதிரி வந்ததே தெரியாமல் எரிந்து விழுந்த விமானங்கள் ஏராளம். அதனால் கனடா ஸ்குவாட்ரன்களின் சில ஹாலிஃபாக்ஸ்களில், தரையைக் காட்டும் ரேடார் இருக்க வேண்டிய இடத்தில், கீழ்நோக்கி ஒரு துப்பாக்கி வைத்து அதற்கு ஓர் ஆளையும் உட்கார வைத்தார்கள். எட்டாவது ஆள் வந்தது அப்படித்தான்.

ஒரு குழு எப்படி உருவானது என்பதைச் சொன்னால்தான், ஏன் ஆள் ஆளாக இல்லாமல் குழுவாக நினைவுகூர்கிறார்கள் என்பது புரியும். ராணுவத்தில் பொதுவாக மேலிடம்தான் ஆளைப் பிரித்துப் போடும். பிரிட்டன் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் வழக்கம் வேறு. பயிற்சித் தளத்துக்கு வந்து சேர்ந்த விமானிகள், நேவிகேட்டர்கள், கன்னர்கள் எல்லாரையும் விமானம் நிறுத்தும் பெரிய ஹாங்கர் ஒன்றில் ஒன்றாக விட்டுவிடுவார்கள். நீங்களே பேசிக் குழு சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் உத்தரவு. "உனக்கு விமானி கிடைத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டு நடப்பார்கள். முகம் பிடித்தது, பேச்சு பிடித்தது, ஒரே ஊர்ப்பக்கம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். சாயங்காலத்துக்குள் குழுக்கள் அமைந்துவிடும். ஃப்ளைட் என்ஜினியர் பிறகு, நான்கு எஞ்சின் விமானப் பயிற்சியின்போது வந்து சேர்வார். அன்றிலிருந்து சாப்பாடு, தூக்கம், லீவு, பப், எல்லாம் சேர்ந்தேதான். அதிகாரிக்கும் சார்ஜென்டுக்கும் தனித்தனி மெஸ் என்று தளம் வகுத்து வைத்த வேலி, இவர்களுக்குள் பெரிதாகச் செல்லுபடியாகவில்லை. சார்ஜென்ட் விமானியாக இருந்தால், கூட வரும் நேவிகேட்டர் பதவியில் பெரியவராக இருந்தாலும் விமானத்துக்குள் விமானி சொல்வதுதான் சட்டம்.

வயதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வருஷம் ஆனவர்கள். எல்லாரும் தாமாக முன்வந்தவர்கள். விமானத்தில் ஏறு என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. முப்பது முறை போய்வந்தால் ஒரு சுற்று முடிந்தது, கொஞ்ச காலம் ஓய்வு. அந்த முப்பதை எட்டியவர்கள் குறைவு. போர் முழுவதும் பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. நூற்றுக்கு நாற்பத்து நான்கு.

உள்ளே இருக்கும் நிலைமையை ஒரே ஓர் ஆளை வைத்துச் சொல்கிறேன். வால் கன்னர். விமானத்தின் கடைசி முனையில், கண்ணாடியும் இரும்பும் சேர்ந்த ஒரு கூண்டில் தனியாக உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் முன்னால், ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். இவருக்குத் துணை காதில் கேட்கும் இன்டர்காம் குரல் மட்டும். வெளியே குளிர் மைனஸ் முப்பதைத் தாண்டும். உடுப்புக்குள் மின்கம்பி ஓடும். அது வேலை செய்யாவிட்டால் விரல் விறைத்துவிடும். கண்ணாடியில் பனி படிந்து இருட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று நேர் எதிரே இருந்த கண்ணாடித் தகட்டையே கழற்றிவிட்டுப் பறந்தவர்கள் உண்டு. பாராசூட்டை மாட்டிக்கொண்டு உட்கார இடம் இல்லாததால், பல விமானங்களில் அது கூண்டுக்கு வெளியே, பின்னால் ஒரு தட்டில் இருக்கும். விமானம் எரியும்போது கூண்டை நேராகத் திருப்பி, கதவைத் திறந்து, கையை நீட்டி அதை எடுத்து, மார்பில் மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் குதிக்க முடியும். இத்தனைக்கும் கிடைப்பது சில விநாடிகள்.

இன்னொரு நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டரோடு ஒப்பிட்டால் ஹாலிஃபாக்ஸிலிருந்து தப்பிக் குதித்தவர்களின் விகிதம் நல்லதாகவே இருந்தது; வெளியேறும் வழி அதில் கொஞ்சம் வசதி. ஆனால் மே 12 இரவு எல்டபிள்யூ 682-இல் இருந்த எட்டுப் பேருக்கு அந்த வசதி உதவவில்லை. இரவுப் போர்விமானம் ஒன்றால் சுடப்பட்டு, பிரஸ்ஸல்ஸுக்கு மேற்கே கெரார்ட்ஸ்பெர்கன் என்ற சிறு நகரத்துக்கு அருகில், டெண்டர் ஆற்றங்கரைச் சதுப்பில் விழுந்தது. சைக்கிள் பந்தயம் பார்ப்பவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். கல் பாவிய செங்குத்தான ஏற்றப் பாதை அங்கேதான் இருக்கிறது.

அதே நேரத்தில் யார்க்‌ஷயரில் என்ன நடந்திருக்கும் என்பதை எந்த ஸ்குவாட்ரனின் கதையை வைத்தும் சொல்லிவிடலாம், எல்லா இடத்திலும் ஒரே நடைமுறைதான். கட்டுப்பாட்டு அறையில் கரும்பலகை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வரி: புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம். விடியும்போது சில வரிகளில் கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். எரிபொருள் தீர்ந்திருக்கும் நேரம் தாண்டும்வரை காத்திருப்பார்கள். வேறு தளத்தில் இறங்கினார்களா என்று போன் போடுவார்கள். அப்புறம் பதிவேட்டில் 'திரும்பவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வேலை. அன்றைக்கே இதற்கென்று இருக்கும் குழு வந்து அவர்கள் கட்டிலையும் அலமாரியையும் காலி செய்யும். சாயங்காலம் அந்தக் கட்டிலில் புது ஆள். எடுத்த பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வீட்டாரை நோகடிக்கக்கூடிய கடிதமோ படமோ இருந்தால் தனியே எடுத்துவிட்டு, மீதியை ஸ்லவ் நகருக்குப் பக்கத்தில் கோல்ன்புரூக்கில் இருந்த மையக் கிடங்குக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து குடும்பத்துக்குப் போகும். யாரோ முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தா, ஒரு பையனின் சட்டைப்பைகளைப் பார்த்து, அவன் அம்மாவின் மனசை நினைத்து ஒரு கடிதத்தை எடுத்து ஒதுக்கி வைத்திருக்கிறார். எனக்கு இந்த விவரம்தான் மற்ற எல்லாவற்றையும்விட மனசில் நிற்கிறது.

வீட்டுக்குத் தந்தி போகும். அதில் இறந்தார் என்று இருக்காது, காணவில்லை என்றுதான் இருக்கும். பிடிபட்டிருக்கலாம், ஒளிந்திருக்கலாம் என்ற நம்பிக்கைக்கு அதில் இடம் உண்டு. பிறகு கமாண்டரின் கடிதம். செஞ்சிலுவைச் சங்கம் வழியாக ஏதாவது தகவல் வருமா என்று மாதக்கணக்கில் காத்திருப்பு. ஆறு மாதம்போல ஆகியும் எதுவும் தெரியாவிட்டால், இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று இன்னொரு கடிதம். ஒரு விமானத்துக்கு ஏழெட்டு வீடு. இந்தக் குடும்பங்களின் முகவரிகளை ஸ்குவாட்ரன் ஒன்றுக்கொன்று கொடுக்கும். உங்கள் பையனிடமிருந்து ஏதாவது தெரிந்ததா என்று முன்பின் அறியாத அம்மாக்கள் கடல் கடந்து கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

டெண்டர் கரைக்கு வருவோம். ஜெர்மானியர்கள் ஐந்து உடல்களை எடுத்தார்கள். அவை கெரார்ட்ஸ்பெர்கன் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டன. விமானத்தின் பெரும்பகுதி களிமண்ணுக்குள் இறங்கிவிட்டது. மீதி மூன்று பேர் அதனோடேயே போனார்கள்: விமானி வில்பர் பென்ட்ஸ், ஜாக் சம்மர்ஹேஸ், ஃப்ரெட் ரோச்.

போர் முடிந்ததும் பிரிட்டன் விமானப்படை ஒரு தேடுதல் பிரிவை ஐரோப்பா முழுக்க அனுப்பியது. காணாமல் போனதாகப் பதிவான விமானப்படையினர் சுமார் 42,000 பேர். அந்தப் பிரிவின் வேலையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. என்னைக் கேட்டால், நினைவுகூர்தல் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அவர்கள் செய்ததுதான். ஜீப்பில் ஊர் ஊராகப் போவார்கள். ஊர்த் தலைவர், பாதிரியார், மயானக் காவலாளி, வயலில் வேலை செய்பவர் என்று எல்லாரிடமும் விசாரிப்பார்கள். 'பெயர் தெரியாத ஐந்து விமானிகள்' என்று ஒரு சிலுவை நட்டிருந்தால் அதைத் திறந்து பார்ப்பார்கள். அடையாளம் காண உதவியவை அநேகமாக மிகச் சின்ன விஷயங்கள். சட்டைக் காலரில் சலவைக்காரர் போட்ட குறி. பூட்ஸின் அளவு. கைக்கடிகாரத்தின் பின்னால் வெட்டிய எண். மோதிரத்துக்குள் இரண்டு எழுத்து. அதுவும் இல்லாவிட்டால் பக்கத்தில் கிடந்த எஞ்சினின் எண், துப்பாக்கியின் எண். எஞ்சின் எண்ணிலிருந்து விமானம், விமானத்திலிருந்து குழு, குழுவில் மற்றவர்களைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பது இவர் என்று முடிவுக்கு வருவார்கள். இதனால்தான் ஒருவரைத் தேடுவது என்பது எப்போதும் ஒரு குழுவைத் தேடுவதாகவே இருந்தது.

பிரிக்க முடியாத நிலையில் எடுத்த உடல்களை ஒரே குழியில் வைத்து, மேலே தனித்தனிக் கல்லை இடைவெளி இல்லாமல் ஒட்டினாற்போல நடுவார்கள். காமன்வெல்த் போர் மயானம் எதற்காவது போனால் பாருங்கள், சம தூரத்தில் நிற்கும் வரிசையில் திடீரென்று ஏழு கல் தோளோடு தோள் உரசி நிற்கும். பெரும்பாலும் அது ஒரு குண்டுவீச்சு விமானக் குழு. அங்கே கல்லின் உயரம் பதவியைப் பார்ப்பதில்லை. அடியில் ஒரு வாசகம் பொறிக்கக் குடும்பத்துக்கு இடம் கொடுத்தார்கள், 66 எழுத்துக்குள்.

கல்லறையே கிடைக்காதவர்களுக்கு விண்ட்சருக்குப் பக்கத்தில், தேம்ஸ் நதிக்கு மேலே ஒரு குன்றில், ரன்னிமீட் நினைவகம் இருக்கிறது. 1953-இல் திறந்தார்கள். 20,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். கடலில் விழுந்தவர்கள் அதில் ஏராளம். சதுப்பிலும் ஏரியிலும் இறங்கியவர்களும் உண்டு. அங்கே போய் நின்றவர்களுக்குத் தெரியும், ஜன்னல் ஓரக் கல்லில் வரிசை வரிசையாகப் பெயர்கள், வருஷ வாரியாக, பதவி வாரியாக. ஒரே குழுவில் செத்தவர்கள் பதவி வேறு என்பதால் வெவ்வேறு பலகைகளில் பிரிந்து கிடப்பார்கள். எனக்கு அந்த ஏற்பாட்டில் உடன்பாடு இல்லை.

1990-களில் பென்ட்ஸின் உறவினர் ஒருவர் கனடாவிலிருந்து எடுத்த முயற்சியும், விழுந்த விமானங்களைத் தேடுவதையே வாழ்க்கையாகக் கொண்ட சில பெல்ஜியர்களின் உள்ளூர் அறிவும், கனடாவின் ஹாலிஃபாக்ஸ் ஆர்வலர்களின் பிடிவாதமும் ஒன்று சேர்ந்தன. 1997-இல் டெண்டர் கரையைத் தோண்டினார்கள். சேறும் களிமண்ணும் காற்றை உள்ளே விடாது. அதனால் துரு ஏறுவது மெதுவாகும், துணிகூட மிஞ்சும். விமானம் கிடைத்தது. மூன்று பேரும் கிடைத்தார்கள். அந்த வருஷம் நவம்பரில் முழு ராணுவ மரியாதையோடு, 1944-இலேயே புதைக்கப்பட்டிருந்த மற்ற ஐந்து பேருக்குப் பக்கத்தில் அவர்களை அடக்கம் செய்தார்கள். குழு மறுபடியும் எட்டுப் பேராக ஆனது.

விமானத்தின் பாகங்கள் கனடாவுக்குப் போயின. நார்வேயின் மியோசா ஏரியிலிருந்து 1995-இல் எடுத்த இன்னொரு ஹாலிஃபாக்ஸை ஒன்டாரியோவின் டிரென்டனில் முழுமையாகச் சீரமைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு இதன் பாகங்கள் சில உதவின. எதற்கும் பயன்படுத்த முடியாத அளவு நசுங்கிய அலுமினியத்தை உருக்கிக் கட்டிகளாக வார்த்து, ஆல்பர்ட்டா மாகாணம் நான்டனில் உள்ள பாம்பர் கமாண்ட் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். அந்த அருங்காட்சியகத்து வாசலில் பெரிய கல் சுவர், பாம்பர் கமாண்டில் உயிர்விட்ட 10,000-க்கும் அதிகமான கனடாக்காரர்களின் பெயர்களோடு நிற்கிறது. லண்டனில் நினைவிடம் கட்டப்போகிறார்கள் என்றதும் அங்கிருந்து உலோகத்தை அனுப்பினார்கள். 2012 ஜூன் 28 அன்று ராணி எலிசபெத் திறந்துவைத்தார். போர் முடிந்து 67 வருஷம் ஆகியிருந்தது. பறந்தவர்களில் உயிரோடு மிஞ்சியவர்கள் எல்லாரும் எண்பதையோ தொண்ணூறையோ தாண்டிவிட்டார்கள்.

ஏன் அவ்வளவு தாமதம்? இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது.

1942-இலிருந்து பாம்பர் கமாண்டின் வேலை, தொழிற்சாலையை மட்டும் குறிவைப்பதைத் தாண்டி, நகரங்களையே எரிப்பதாக ஆகிவிட்டது. அது மேலிடம் அறிந்தே எடுத்த முடிவு. 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் எழுந்த நெருப்புப் புயலில் 35,000 பேருக்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் 25,000 பேர் வரை. பாம்பர் கமாண்டின் தளபதி ஆர்தர் ஹாரிஸ் கடைசிவரை இதைத் தயங்காமல் ஆதரித்தார். போர் முடிந்ததும் அரசியல் தலைமை கைகழுவிக்கொண்டது. பாம்பர் கமாண்டுக்கென்று தனிப் பதக்கம் எதுவும் தரப்படவில்லை. பதக்க நாடாவில் குத்திக்கொள்ள ஒரு சின்னப் பட்டை கிடைத்ததே 2013-இல்தான். 1992-இல் லண்டனில் ஹாரிஸுக்குச் சிலை திறந்தபோது எதிர்ப்புக் கூட்டம் கூடியது, சிலை மேல் பெயின்ட் ஊற்றினார்கள். கிரீன் பார்க் நினைவிடத்தின் மேலும் பிறகு பெயின்ட் விழுந்திருக்கிறது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நகரங்களைக் குறிவைத்து எரித்தது தவறு. ஹாம்பர்க்கின் நிலவறைகளில் மூச்சடைத்துச் செத்த குழந்தைகளுக்கு, யார் போரை ஆரம்பித்தார்கள் என்பது பதில் ஆகாது. அதே சமயம், இருபத்தொரு வயதில் வால் கூண்டில் உட்கார்ந்திருந்தவனைப் போர்க் கொள்கைக்குப் பொறுப்பாளி ஆக்குவதும் சரியில்லை. பறக்க மறுத்தவர்களைக் கோழை என்று முத்திரை குத்தி, பதவியைப் பறித்து, மற்றவர்கள் கண் முன்னால் அவமானப்படுத்தி அனுப்பிய காலம் அது. ஹாரிஸின் சிலையையும் இந்த எட்டுப் பேரின் கல்லறையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுபவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. முன்னது ஒரு முடிவுக்குச் செய்த மரியாதை. பின்னது, அம்மாவுக்குச் சொல்லாமல் விட்ட ஒரு பதிலைச் சொல்லி முடித்தது.

எல்டபிள்யூ 682-இன் கதை இந்தக் கேள்வியை இன்னும் கடினமாக்குகிறது. அவர்கள் குண்டு வீசப் போனது ஜெர்மன் ஊருக்கு அல்ல, ஜெர்மானியர் பிடியில் இருந்த பெல்ஜிய ஊருக்கு. மே மாதம் அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் லூவன் மேல் விழுந்த குண்டுகள் ரயில்வே யார்டோடு நிற்கவில்லை, வீடுகள் மேலும் விழுந்து ஊர்மக்கள் பலரைக் கொன்றன. விடுவிக்க வருபவர்களின் குண்டிலேயே செத்தார்கள். இப்படித்தான் நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து, ரயில் இலக்குகளைத் தாக்கும் இந்தத் திட்டத்தைப் பற்றி சர்ச்சிலே கவலைப்பட்டிருக்கிறார். அதே பெல்ஜியத்தின் மக்கள்தான் ஐம்பது வருஷம் கழித்து, தங்கள் மண்ணைத் தோண்டி அந்தக் குழுவை வெளியே எடுத்து, கல்லறை வரைக்கும் கூட வந்தார்கள். கொல்லப்பட்டவர்களை மறந்துவிட்டு அவர்கள் இதைச் செய்யவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்கிறார்கள். நெதர்லாந்திலும் இதைப் பார்க்கலாம். ஒவ்வொரு மே 4-ஆம் தேதியும், விமானம் விழுந்த கிராமங்களில் ஊரே கூடுகிறது. டிரான்டன் என்ற ஊரில், ஏரியை வற்றவைத்து நிலமாக்கியபோது கிடைத்த லங்காஸ்டரின் ப்ரொப்பெல்லரே நினைவுச்சின்னமாக நிற்கிறது.

கிரீன் பார்க்கிலும், 1939 முதல் 1945 வரை குண்டுவீச்சில் உயிர்விட்ட எல்லா நாட்டினரையும் இந்த நினைவிடம் நினைவுகூர்கிறது என்று கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து, முக்கியமாக டிரெஸ்டனிலிருந்து எதிர்ப்பு வந்த பின்னணியில் அந்த வரி முக்கியமானது. சம்பிரதாயத்துக்கு எழுதியது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. டிரெஸ்டனில் இடிந்த ஃப்ராவென்கிர்ஹெ தேவாலயத்தை மறுபடி கட்டியபோது, அதன் உச்சியில் வைக்கும் தங்கச் சிலுவையைப் பிரிட்டன் மக்களின் நன்கொடையில் லண்டனில் செய்தார்கள். அதைச் செய்த பொற்கொல்லர் ஆலன் ஸ்மித். அவருடைய அப்பா அந்த பிப்ரவரி இரவில் டிரெஸ்டன் மேல் குண்டு வீசிய விமானிகளில் ஒருவர். தேவாலயம் 2005-இல் திறந்தது, சிலுவை இன்றும் மேலே இருக்கிறது.

நம் பக்கத் தொடர்பு ஒன்றும் உண்டு, பலருக்குத் தெரியாது. ஹாலிஃபாக்ஸ் விமானத்தை முதன்முதலில் போருக்கு எடுத்துப்போன ஸ்குவாட்ரனின் பெயர் '35 (மெட்ராஸ் மாகாண) ஸ்குவாட்ரன்'. போர் நிதிக்கு மெட்ராஸ் மாகாணத்திலிருந்து போன நன்கொடையை முன்னிட்டு வைத்த பெயர். அதேபோல 102-வது ஸ்குவாட்ரனுக்கு சிலோன் பெயர்; யார்க்‌ஷயரின் பாக்லிங்டனிலிருந்து ஹாலிஃபாக்ஸில் பறந்து, மிகக் கடுமையான இழப்புகளைச் சந்தித்தது. லண்டன் ஹென்டனில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்தில், துருவும் கிழிசலுமாக, சீரமைக்காமல் அப்படியே வைத்திருக்கும் ஒரு ஹாலிஃபாக்ஸைப் பார்க்கலாம். அது அந்த மெட்ராஸ் மாகாண ஸ்குவாட்ரனுடையது. 1942 ஏப்ரலில் நார்வேயில் ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கப் போய், அடிபட்டு, உறைந்த ஏரி மேல் இறங்கி, பனியை உடைத்துக்கொண்டு மூழ்கியது. குழுவினர் பிழைத்துக்கொண்டார்கள். விமானத்தை 1973-இல் எடுத்தார்கள். ஒரு ஹாலிஃபாக்ஸின் உள்ளே எவ்வளவு குறுகல் என்று கண்ணால் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

நீங்கள் பார்த்த படங்களில் இருந்தவர்கள் யார் என்று தேட விரும்பினால், வழி எளிது. படத்தின் பின்னாலோ அட்டையிலோ பெயர் இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் போடுங்கள். கல்லறையோ ரன்னிமீட் பலகை எண்ணோ வந்துவிடும். லிங்கன் நகரத்தில் உள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் மையம் இறந்தவர்கள் சுமார் 58,000 பேரின் விவரத்தைத் தொகுத்து வைத்திருக்கிறது. பாம்பர் கமாண்டில் பணிபுரிந்து இறந்த தரைப் பணியாளர்களையும் பெண்களையும் சேர்த்த கணக்கு என்பதால் 55,573-ஐவிட அதிகமாக இருக்கும். நேரில் போக முடிந்தால் போங்கள். நடுவில் உள்ள கோபுரத்தின் உயரம் 31 மீட்டர், அது ஒரு லங்காஸ்டரின் ஒரு இறக்கை முனையிலிருந்து மறு முனை வரையுள்ள நீளம். ஸ்குவாட்ரனின் அன்றாடப் பதிவேடுகள் லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். ஒருவரின் பெயரை வைத்துத் தேடிக் குழம்பினால் விமான எண்ணை வைத்துத் தேடுங்கள். அவரோடு போன மற்றவர்களின் பெயர்களும் சேர்ந்தே வரும்.